அலமாரிக்கு அந்தப் பக்கம்

துருக்கி போய்வந்த நம்மவர்களின் பயணக் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் சில ஆண்டுகளாக ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: ‘குடும்பத்தில் ஒருவராகவே பார்த்துக்கொண்டார்கள்.’ இஸ்தான்புல்லில் நட்சத்திர விடுதியில் தங்கியவர்கூட, உள்நாட்டில் கோரெமேக்கோ சஃப்ரான்போலுவுக்கோ போனதும் ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ‘பான்சியோன்’ ஒன்றைத் தேடிப் பிடிக்கிறார். வாசலிலேயே உள்ளங்கையில் ஊற்றிய கொலோன்யா என்ற எலுமிச்சை வாசனைநீர், கேட்காமலே வந்த தேநீர், காலையில் மேசை கொள்ளாத தட்டுகள், விடைபெறும்போது கட்டியணைத்த அம்மா என்று வரிசையாக உருகுகிறார். கடைசியில் ‘இவர்கள் காசுக்காகச் செய்யவில்லை, மனசால் செய்கிறார்கள்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அடுத்து போகிறவர்களுக்கு அதே வீட்டைப் பரிந்துரைக்கிறார்.

அந்த வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு.

நல்லதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை குறைவு. வீடு பழைய ஊரின் நடுவில் இருக்கும். எந்தக் கடையில் லோக்கும் மிட்டாய் வாங்கலாம், எந்த மினிபஸ் எத்தனை மணிக்கு என்று உரிமையாளருக்குத் தெரிந்த அளவு எந்த வரவேற்பு மேசைக்கும் தெரியாது. கொடுக்கிற பணம் பெரும்பாலும் ஊரிலேயே சுற்றுகிறது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சஃப்ரான்போலுவின் மர வீடுகள் பலவும் இடிந்து விழாமல் நிற்பதற்கு இந்த வருமானமும் ஒரு காரணம். பக்கத்து ஊரான கராபுக்கில் 1939இல் இரும்பாலை வந்தபின் ஊரின் பிழைப்பு வேறு திசையில் போய்விட்டது. பாதுகாக்கப்பட்ட வீட்டில் பெரிய மராமத்துக்கு மரபுப் பாதுகாப்பு வாரியத்தின் அனுமதி வேண்டும், தச்சரும் வேண்டும், மரமும் வேண்டும். விருந்தாளிகள் இல்லாவிட்டால் அந்தச் செலவை யார் தாங்குவது? இதையெல்லாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் வாடகை எப்படிக் குறைவாக இருக்கிறது என்ற கேள்வியை இந்தக் கட்டுரைகளில் யாரும் எழுப்புவதில்லை. 2022 அக்டோபரில் அரசுக் கணக்கின்படியே ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டிய நாடு அது. மின்சாரம், எரிவாயு, மாவு, பாலாடைக்கட்டி எல்லாம் ஏறின. அறை வாடகையில் முன்பதிவுத் தளத்துக்குத் தரகு உண்டு. 2023 ஜனவரியிலிருந்து அரசுக்கு 2 விழுக்காடு தங்கல் வரி உண்டு. இத்தனைக்குப் பிறகும் கட்டுப்படியாகிறது என்றால், ஏறவே ஏறாத செலவு ஏதோ ஒன்று அந்த வீட்டுக்குள் இருக்க வேண்டும். அது சமையலறையில் இருக்கிறது.

சஃப்ரான்போலு வீட்டு விடுதிகளில் எல்லோரும் படமெடுக்கும் பொருள் ஒன்று உண்டு. துருக்கியில் ‘தோன்மே தோலாப்’ என்பார்கள், சுழல் அலமாரி. ஒட்டோமான் காலத்து வசதியான வீடு ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். இடைச்சுவரில் பதித்த மர உருளைக்குள் அந்தப் பக்கத்துப் பெண் காபித் தட்டை வைத்துச் சுழற்றுவாள். இந்தப் பக்கம் ஆண் எடுத்துக்கொள்வார். வந்திருக்கும் விருந்தாளி அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, விரல் நுனியைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. நான் தங்கிய வீட்டில் உரிமையாளர் இதை விருந்தாளிகளுக்குச் சுழற்றிக் காட்டுவார். ‘அந்தக் காலத்தில் அப்படி’ என்பார். எல்லோரும் சிரிப்போம். அதே கூடத்தில் எங்களுக்கு வந்த தேநீர் சமையலறைக் கதவின் இடைவெளி வழியாக அவர் மகன் கைக்கு வந்து, மகன் கையிலிருந்து எங்கள் கைக்கு வந்தது.

பெண் என்பதால் என்னால் அந்தக் கதவைத் தாண்ட முடிந்தது. உள்ளே மாமியாரும் மருமகளும். மருமகள் மெல்லிய நீளக் குழவியால் யுஃப்கா மாவைத் திரட்டிக்கொண்டிருந்தாள். அடியில் இருக்கும் துணியின் நெசவு தெரியும் அளவுக்கு மெலிசாக. நமக்குக் காலையில் வரும் பொரெக் என்ற அடுக்குப் பலகாரத்தின் முதல் வேலை அது. ஒரு மேசைக்குக் கறுப்பு ஆலிவ், பச்சை ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, தேன், கய்மாக் என்ற பாலேடு, மூன்று வகை ஜாம், தக்காளியும் முட்டையும் சேர்ந்த மெனெமென் என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டித் தட்டு. ஆறு அறை நிரம்பியிருந்தால் கழுவுகிற தட்டுகளின் கணக்கை வாசகரே போட்டுக்கொள்ளட்டும். ஜாம் கடையில் வாங்கியதில்லை என்பது விடுதியின் பெருமை. அப்படியானால் பழம் வரும் பருவத்தில் அதைக் காய்ச்சியது ஒருவர். மெனெமெனில் போடும் சல்ச்சா விழுதுக்குக் கோடையின் கடைசியில் கிலோக்கணக்கில் தக்காளியையும் மிளகாயையும் அரைத்து வெயிலில் கிளறியது ஒருவர். பிறகு படுக்கை விரிப்புகள். இந்தப் பழைய வீடுகளில் சுவர் அலமாரிக்குள் ஒளிந்திருக்கும் குளியலறையைக் குனிந்து, முட்டிபோட்டுத் தேய்ப்பது. இவ்வளவையும் செய்கிறவரின் பெயர் முன்பதிவுத் தளத்தில் இல்லை, ரசீதில் இல்லை. பயணக் கட்டுரையில் ‘அம்மா’ என்று இருக்கிறது.

இதைச் சொன்னால், ‘அது அவர்கள் சொந்த வீடு, சொந்தத் தொழில், வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்பார்களா?’ என்கிறார்கள். அங்கேதான் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும். துருக்கியின் 2003ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 4857 எண்ணுள்ளது. வெளியாள் எவரும் சேராமல், மூன்றாம் படி உறவுவரை குடும்பத்தார் தமக்குள் வீட்டில் செய்யும் வேலைகளை அதன் 4ஆம் பிரிவு தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. 2006இல் இயற்றிய 5510ஆம் எண் சமூகக் காப்பீட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இன்னும் வெளிப்படை. முதலாளியின் தொழிலிடத்தில் ஊதியமில்லாமல் வேலை செய்யும் வாழ்க்கைத்துணை காப்பீட்டுக்கு உரியவர் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்து, வெளியாள் சேராமல் அந்த வீட்டுக்குள்ளேயே வேலை செய்யும் நெருங்கிய உறவினரும் உரியவர் இல்லை. வேண்டுமானால் தாமே தவணை கட்டி விருப்பக் காப்பீட்டில் சேரலாம். கையில் சம்பளம் இல்லாதவர் எதிலிருந்து கட்டுவது என்று சட்டம் சொல்லவில்லை.

இப்போது விடுதிகளின் விளம்பர வாசகத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள்: ‘வேலையாட்கள் கிடையாது, எல்லாம் எங்கள் குடும்பமே.’ நாம் அன்பின் சான்றிதழாக வாசிக்கும் அதே வாசகம்தான் சட்டத்தில் காப்பீடும் ஓய்வூதியமும் வேலை நேர வரம்பும் கைவிட்டுப்போகும் கோடு. வெளியிலிருந்து ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தால் வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற உச்சவரம்பு வரும், குறைந்தபட்ச ஊதியம் வரும் (2025இல் கைக்கு 22,104 லிரா), காப்பீட்டுத் தவணை வரும். மருமகளை வைத்தால் ஒன்றும் வராது. மருமகள் மலிவு என்று எந்த உரிமையாளரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்; மனசார நினைப்பதும் இல்லையாக இருக்கலாம். கணக்கு அப்படித்தான் கூடுகிறது.

துருக்கியின் புள்ளிவிவர நிறுவனம் தன் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் ‘ஊதியமில்லாக் குடும்பத் தொழிலாளர்’ என்று தனிப்பிரிவே வைத்திருக்கிறது. அந்தப் பிரிவில் மிகுதியும் பெண்கள்தான். அரசின் எண்ணிக்கைக்கு வந்துவிட்டவர்கள் நம் எழுத்தாளர்களின் கண்ணுக்கு வரவில்லை.

சிலர் இன்னும் நுட்பமாக வாதிடுவார்கள். 2002 முதல் நடைமுறையில் உள்ள குடிமைச் சட்டப்படி, திருமணத்துக்குப்பின் சேர்த்த சொத்தில் மனைவிக்குப் பாதிப் பங்கு உண்டே என்பார்கள். உண்டு, அது பெரிய சீர்திருத்தம்தான். ஆனால் அந்தப் பங்கு கைக்கு வருவது மணமுறிவிலோ மரணத்திலோ. பரம்பரையாக வந்த பழைய வீடு அந்தக் கணக்கில் சேராது, அதிலிருந்து வரும் வருமானம் மட்டுமே சேரும். அதுவும் கணவனுக்கு வரும் வருமானமாக இருந்தால்தான். விடுதி மாமனார் பெயரில் இருந்தால் மருமகள் இருபது வருடம் திரட்டிய மாவுக்கு எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது?

இன்னொரு வாதம், ‘அவர்கள் பண்பாட்டை நம் கண்ணாடியால் பார்க்காதே’ என்பது. இதைக் கேட்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கோரெமேயில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானுடவியலாளர் ஹேசல் டக்கர் 2003இல் வெளியிட்ட நூலில், அந்த ஊரில் சுற்றுலா ஆண்களின் களமாக இருந்ததையும் பெண்கள் அதன் விளிம்பில் நின்றதையும் விரிவாக எழுதியிருக்கிறார். பெண் வெளியே கூலி வேலைக்குப் போவது வெட்கம் என்ற எண்ணம் எப்படித் தடையாக இருந்தது, பிறகு எப்படித் தளரத் தொடங்கியது என்பதையும் பின்னர் எழுதினார். அந்தப் பெண்கள் அந்த ஊர்ப் பெண்கள்தான். தடையைத் தளர்த்தியதும் அவர்களே. பண்பாடு என்று நாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாக்க நினைப்பதை அவர்கள் உள்ளிருந்தே நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். வெளியூர் விருந்தாளிதான் அது நகரக்கூடாது என்கிறார். நகர்ந்தால் வாடகை ஏறும் அல்லவா?

அப்படி நகர்ந்த இடம் ஒன்று, அங்காராவுக்கு மேற்கே உள்ள பெய்பஸாரி என்ற ஊர். 1999 முதல் 2009 வரை மேயராக இருந்த மன்சூர் யவாஷ் காலத்தில் பழைய வீடுகள் புதுப்பிக்கப்பட்டன. கூட்டம் வரத் தொடங்கியது. அங்கே பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். தாம் காயவைத்த தர்ஹானா என்ற சூப் மாவையும் தாம் செய்த பக்லாவாவையும் ஜாமையும் தாமே கடைபோட்டு விற்றார்கள். காசைத் தாமே எண்ணி வாங்கினார்கள். வேலை அதே வேலைதான், அதே மாவு, அதே அடுப்பு. சமையலறையைவிட்டு நாலு எட்டு வெளியே வைத்ததும் அதற்கு விலை வந்துவிட்டது. பெய்பஸாரி சொர்க்கம் என்று சொல்லவில்லை, வாரக்கடைசி நெரிசலில் அங்கே நடக்கவே முடியாது. ஆனாலும் ஜாம் பாட்டிலை நீட்டும் பெண்ணிடம் விலை கேட்கலாம், பேரம் பேசலாம், ‘போன தடவை நன்றாயில்லை’ என்றும் சொல்லலாம்.

வீட்டு விடுதியில் அதையும் சொல்ல முடியாது. ‘விருந்தாளி’ ஆக்கப்பட்டவருக்கு வெந்நீர் வரவில்லை என்று புகார் சொல்லவே நாக்கு எழாது. விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும். பல கட்டுரையாளர்கள் இதைக் குறை என்று குறிப்பிடுகிறார்கள். எனக்கு இது சின்ன விஷயம். பெரிய விஷயம், அதே கூச்சம் வேறு ஒரு கேள்வியையும் அடக்கிவிடுகிறது என்பது. வாடிக்கையாளன் ‘இதைச் செய்தவருக்கு என்ன கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்கலாம். விருந்தாளி கேட்டால் அவமரியாதை.

நம் பக்கத்துக் காரணமும் ஒன்று இருக்கிறது. விருந்தோம்பல் என்று கேட்டாலே நமக்கு உள்ளம் இளகிவிடும். விருந்தோம்பும் வீட்டில் அடுப்படியில் நிற்பது யார் என்பதை நாமும் பெரிதாக விசாரித்ததில்லை. அதனால்தான் துருக்கிக் கூடத்தில் உட்கார்ந்ததும் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருக்கிறது நமக்கு. இருக்கத்தான் செய்யும்.

அப்படியானால் எங்கே தங்குவது என்று கேட்டால், என் பதில் பலருக்குப் பிடிக்காது. ஊர் பஸ் நிலையத்தை ஒட்டி, அழகே இல்லாத, பழுப்புத் திரைச்சீலை போட்ட இரண்டு நட்சத்திர விடுதி இருக்கும். அங்கே கொலோன்யா ஊற்றமாட்டார்கள். காலை உணவில் ஜாம் பிளாஸ்டிக் டப்பாவில் வரும். அறையைச் சுத்தம் செய்யும் பெண் சீருடையோடு வந்து, தலையாட்டிவிட்டுப் போவாள். மாதக்கடைசியில் அவளுக்குச் சம்பளச் சீட்டு உண்டு, ஓய்வு நாள் உண்டு. அந்தச் சட்ட உரிமைகளை முதலாளிகள் எல்லோரும் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்பது வேறு வழக்கு. கொடுக்காவிட்டால் போய்க் கேட்க அவளுக்கு ஒரு நீதிமன்றம் இருக்கிறது. கட்டியணைத்து வழியனுப்பிய அம்மாவுக்கு அதுவும் இல்லை.

மர வீட்டில்தான் தங்குவேன் என்பவர்களைத் தடுக்க நான் யார்? தங்குங்கள். முன்பதிவு செய்வதற்கு முன் ஒரு செய்தி அனுப்பிக் கேளுங்கள்: சமையலுக்கும் சுத்தத்துக்கும் காப்பீட்டோடு ஆள் இருக்கிறாரா? குடும்பத்துப் பெண்கள் என்றால், அவர்கள் பெயரில் காப்பீட்டுத் தவணை கட்டப்படுகிறதா, விடுதிப் பதிவில் அவர்களில் ஒருவராவது பங்குதாரரா? ‘ஆம்’ என்று சொல்லும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் போங்கள். பதில் வராத வீட்டைப் பற்றித் திரும்பி வந்து எழுதும்போது, காலை உணவைப் புகழ்வதற்குமுன் அதைச் செய்தவருக்குச் சம்பளம் இல்லை என்ற செய்தியை முதல் வரியில் எழுதுங்கள்.