கொழுப்பும் மாவும்

1748-ல் அமெரிக்காவுக்குப் போகும் வழியில் ஆறு மாத காலம் இங்கிலாந்தில் தங்கிய சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் பேர் கால்ம், செடிகொடிகளோடு சாப்பாட்டையும் கவனித்துக் குறித்துவைத்தார். இறைச்சியை நெருப்பில் வாட்டுவதில் ஆங்கிலேயர்களை மிஞ்ச ஆளில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் வாட்டிய மாட்டிறைச்சியையும் பிளம் புட்டிங்கையும் தாண்டி அவர்களுடைய சமையல் அதிகதூரம் போவதில்லை என்றும் எழுதினார். பிரிட்டிஷ் உணவைப் பற்றி உலகம் இன்றும் சொல்லிவரும் குறை ஏறக்குறைய இதுவே. கால்ம் பெயர் சொன்ன அந்த இரண்டு பண்டங்களுக்குள்ளேயே ஒரு முழுக் கலை அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். வாட்டும் இறைச்சியிலிருந்து கொழுப்பு சொட்டுகிறது. புட்டிங்கில் கொழுப்பு மாவைச் சந்திக்கிறது. எந்தக் கொழுப்பை, எந்தச் சூட்டில், எந்தப் பக்குவ மாவோடு சேர்த்தால் என்ன விளையும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல நூற்றாண்டுகள் உழைத்த சமையல் அது. காரத்தையோ நறுமணத்தையோ அளவுகோலாக எடுத்துக்கொண்டு அதை மதிப்பிடுகிறவர், நாதஸ்வரக் கச்சேரிக்குப் போய் வீணையைத் தேடுகிறவர் ஆகிறார்.

யார்க்‌ஷயர் புட்டிங்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதைவிட எளிய பண்டம் கிடையாது. முட்டை, பால், மாவு, உப்பு. முதல் மூன்றும் கிண்ணக் கணக்கில் சம அளவு. சோடா உப்பு இல்லை, ஈஸ்ட் இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை. கரைசலைக் கட்டியில்லாமல் அடித்துச் சிறிது நேரம் ஆறவிட வேண்டும். மாட்டிறைச்சியிலிருந்து வடிந்த கொழுப்பை, அவர்கள் டிரிப்பிங் என்பதை, தகரத் தட்டில் ஊற்றி 220 டிகிரிக்குச் சூடேறிய ஓவனில் வைத்துப் புகை கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கொழுப்பில் கரைசல் விழும் நொடியில் சுரீரென்ற ஓசை எழாவிட்டால் பண்டம் அப்போதே கெட்டது. அடியும் விளிம்பும் உடனே பொரிந்து இறுகுகின்றன. நடுவிலுள்ள நீர் ஆவியாகி மேலே தள்ளுகிறது. முட்டை அந்த உப்பலை அப்படியே பிடித்து நிறுத்துகிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓவன் கதவைத் திறக்கக் கூடாது. வெளியே வருவது மொறுமொறுத்த சுவரும் உள்ளே குழிந்த மெத்தென்ற அடியும் கொண்ட பொன்னிறக் கிண்ணம். நான்கு அங்குலமாவது உயராதது யார்க்‌ஷயர் புட்டிங் ஆகாது என்று 2008-ல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் அறிவித்தது. ஒரு விஞ்ஞானக் கழகம் இதில் வாய் திறந்தது பொருத்தமே, ஏனென்றால் இந்தப் பண்டத்தின் ருசி முழுவதும் வெப்பத்தின் கணக்கில் இருக்கிறது.

இதன் பழைய உருவம் இன்னும் அழகானது. கணப்பு நெருப்பின் முன்னே கம்பியில் கோத்த இறைச்சி சுழன்றுகொண்டிருக்கும். கீழே ஒரு தட்டில் மாவுக்கரைசல் கிடக்கும். இறைச்சியிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் அந்தக் கரைசலின் மேல் விழுந்து ஊறும். 1737-ல் வெளிவந்த ஒரு சமையல் புத்தகம் இதை டிரிப்பிங் புட்டிங் என்றே குறிப்பிடுகிறது. பத்தே ஆண்டு கழித்து, 1747-ல், ஹானா கிளாஸ் தம் புகழ்பெற்ற புத்தகத்தில் யார்க்‌ஷயரின் பெயரைச் சூட்டினார். வீணாகப் போயிருக்க வேண்டிய சொட்டுகளை ஏந்திக்கொள்ளப் பிறந்த பண்டம் இது. அதை இறைச்சிக்கு முன்பாகவே குழம்போடு பரிமாறிவிடும் வழக்கமும் வடக்கில் இருந்தது. வயிறு பாதி நிறைந்தபின் வரும் இறைச்சித் துண்டு சிறியதாக இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனால் இந்தக் கலையின் உச்சம் எது என்று கேட்டால் நான் கைகாட்டுவது சூயட்டை. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருக்கும் வெள்ளைவெளேரென்ற கெட்டிக் கொழுப்பு அது. வெண்ணெய் போல விரல் சூட்டில் குழையாது. 45 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சவ்வை உரித்து, ஒட்டாமலிருக்க மாவு தூவித் துருவி, மாவின் எடையில் பாதியளவு சேர்த்து, குளிர்ந்த நீர் தெளித்துப் பிசிறி உருட்டினால் சூயட் மாவு தயார். அடித்துப் பிசைவது இதற்கு ஆகாது. ஆவியில் வேகும்போது நடப்பதுதான் அதிசயம். கொழுப்புத் துணுக்குகள் உருகத் தாமதிக்கின்றன. அதற்குள் சுற்றியுள்ள மாவு இறுகத் தொடங்கிவிடுகிறது. பிறகு அவை உருகி மாவுக்குள் ஊறிப்போன இடங்களில் சின்னச் சின்ன வெற்றிடங்கள் மிஞ்சுகின்றன. கொழுப்பு நிறைந்த ஒரு மாவு பஞ்சுபோல் லேசாக வருவதன் காரணம் இதுதான். வெண்ணெயைப் போட்டு இதைச் செய்ய முடியாது. மற்ற நாட்டவர் பெரும்பாலும் உருக்கிவிடும் ஒரு கொழுப்பு உருகாமல் நிற்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்தின் மேல் ஒரு பண்ட வரிசையையே கட்டியிருக்கிறார்கள். துருவும் சிரமத்தைத் தீர்க்க, 1893-ல் மான்செஸ்டரில் கேப்ரியல் யூகோன் என்ற பிரெஞ்சுக்காரர் துருவிய சூயட்டைப் பொட்டலமிட்டு அட்டோரா என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அந்தப் பெயர் இன்றும் கடைகளில் இருக்கிறது.

இந்த வரிசையின் தலையெழுத்தை மாற்றியது ஒரு துணித் துண்டு. அதற்கு முன்பு புட்டிங் என்றால் விலங்கின் குடலிலோ இரைப்பையிலோ அடைத்து வேகவைப்பது. ஆடோ மாடோ அறுக்கும் நாளில்தான் அது முடியும். 17-ஆம் நூற்றாண்டில் புட்டிங் துணி பரவியதும் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. துணியைக் கொதிநீரில் நனைத்துப் பிழிந்து, மாவு தூவி, கலவையை வைத்து, உப்ப இடம் விட்டுக் கட்ட வேண்டும். கட்டு தளர்ந்தால் நீர் புகும், இறுகினால் வெடிக்கும். பானையில் நீர் ஒருபோதும் கொதி அடங்கக் கூடாது. குறையும்போது ஊற்றுவதும் கொதிநீராகவே இருக்க வேண்டும். ஒரே அடுப்பும் ஒரே பானையும் உள்ள வீட்டில் இறைச்சியும் காய்கறியும் வேகும் அதே நீரில் இந்த உருண்டையும் தொங்கிக்கொண்டு வெந்தது. துணிக்குப் பின்னால் கிண்ணம் வந்தது. கிண்ணத்தின் உட்புறம் முழுக்கச் சூயட் மாவை விரித்து, பச்சை மாட்டிறைச்சியையும் சிறுநீரகத் துண்டுகளையும் இட்டு, மாவு மூடி போட்டு, நான்கைந்து மணி நேரம் ஆவியில் வைத்தால் கிடைப்பது ஸ்டேக் அண்ட் கிட்னி புட்டிங். உள்ளே ஊறிய சாறு ஒரு சொட்டும் வெளியேறாமல் மாவுச் சுவரிலேயே இறங்கியிருக்கும். சசெக்ஸ் பாண்ட் புட்டிங் இதே உத்தியை இனிப்புக்குத் திருப்புகிறது: வெண்ணெயும் சர்க்கரையும் சூழ, ஊசியால் குத்திய முழு எலுமிச்சம்பழம் ஒன்றை நடுவே புதைத்து வேகவைப்பார்கள். தட்டில் கவிழ்த்துக் கத்தி வைத்ததும் பாகு பெருகிக் குளம்போல் சூழ்ந்துகொள்ளும். பழத்தின் கசப்பும் புளிப்பும் அந்தக் கொழுப்பை அறுத்து நிற்கும் விதத்தை ஒருமுறை யோசித்துப் பார்த்தால், இதைச் செய்தவர்களுக்கு நாக்கு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

பன்றிக்கொழுப்பான லார்டின் வேலை வேறு. பொதுவாகக் கொழுப்பைப் பிசிறும் மாவுக்குக் கை குளிர்ந்திருக்க வேண்டும், நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். லெஸ்டர்‌ஷயரின் மெல்ட்டன் மோப்ரே ஊர்ப் பன்றியிறைச்சிப் பை அந்த விதியைத் தலைகீழாக்குகிறது. லார்டை நீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டோடு மாவில் ஊற்றிப் பிசைகிறார்கள். மாவு களிமண்போல் ஆகிறது. மரக்கட்டையைச் சுற்றி அதைக் குயவர்போல் கையால் ஏற்றிச் சுவர் எழுப்புகிறார்கள். உப்பும் மிளகும் மட்டும் சேர்த்துக் கொத்திய புதுப் பன்றியிறைச்சியை அடைத்து, அச்சு ஏதுமில்லாமல் தனியே நிற்கவைத்துச் சுடுவதால் பக்கங்கள் சற்றே தொந்தி சரிகின்றன. அசல் பையின் அடையாளம் அந்தத் தொந்தி. வெந்த இறைச்சி சுருங்கி விட்ட இடைவெளியில், மூடியின் துளை வழியாக எலும்பும் காலும் காய்ச்சிய சாற்றை ஊற்றினால் அது குளிர்ந்து உறைந்து காற்றை அடைத்துவிடும். அந்தப் பகுதியில் ஸ்டில்ட்டன் பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சிய மோர்த்தெளிவு பன்றிகளுக்குத் தீனியானது. பன்றி பைக்குள் போனது.

இத்தனைக்கும் இது சப்பென்ற சமையல்தானே என்ற கேள்வி வரும். வரலாறு அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1390-ஐ ஒட்டி இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்த கையெழுத்துச் சுவடியில் இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் இறைச்சிக்குள்ளேயே தாராளமாக விழுகின்றன. மசாலாவை அறியாத மக்கள் அல்லர். அறிந்து, பிறகு அதை இடம் மாற்றியவர்கள். கிறிஸ்துமஸ் புட்டிங், இஞ்சி கேக், ஹாட் கிராஸ் பன் என்று இனிப்புப் பக்கம் அது குடியேறியது. 1927-ல் பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம் பரப்பிய கிறிஸ்துமஸ் புட்டிங் செய்முறையில் இந்தியாவின் அல்லது இலங்கையின் பட்டைக்கும் சான்சிபாரின் கிராம்புக்கும் இடம் குறித்து வைத்திருந்தார்கள். நடுவே சூயட் உள்நாட்டுச் சரக்கு. உப்புப் பக்கத்தில் காரம் சட்டியை விட்டுத் தட்டின் ஓரத்துக்கு வந்தது. மாட்டிறைச்சிக்குக் கடுகும் ஹார்ஸ்ராடிஷும், ஆட்டிறைச்சிக்குப் புதினாச் சாறு, பன்றிக்கு ஆப்பிள் கூழ். இறைச்சியின் சொந்த ருசியைக் குலைக்காமல் ஒவ்வொரு கவளத்துக்கும் வேண்டிய அளவு உறைப்பை உண்பவரே சேர்த்துக்கொள்ளட்டும் என்பது ஒரு கொள்கை. இதில் கலப்படமில்லாத இறைச்சியும் திறமான வாட்டலும் இருந்தே ஆக வேண்டும், ஒளிந்துகொள்ள மசாலா கிடையாது. தமிழின் மிளகுத்தண்ணீர் அவர்கள் கையில் முல்லிகட்டானி சூப் ஆனபோது என்ன நடந்தது என்பதும் இங்கே சாட்சி. தெளிந்த சாறாக அவர்களால் அதை விட்டுவைக்க முடியவில்லை. வெண்ணெயில் வெங்காயம் வதக்கி, இறைச்சி சேர்த்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கினார்கள். கடன் வாங்கிய சொல்லையும் தங்கள் இலக்கணத்தில்தான் எழுதினார்கள்.

இன்னொரு மறுப்புக்கு அதிக வலு உண்டு: இப்படி ஒரு கலை இருந்திருந்தால் அந்த நாட்டு மேசைகளிலேயே அது ஏன் அவ்வளவு மோசமாக வந்து சேர்ந்தது? வேகாத மாவும் வெளிறிய இறைச்சியும் பொய்ப் புகார் அல்ல. ஆனால் என்ன பறிபோனது என்று பாருங்கள். 1940 ஜனவரி 8 முதல் 1954 ஜூலை 4 வரை உணவுப் பங்கீடு நீடித்தது. ஓர் ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் பெரும்பாலும் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம். முட்டை ஒன்று, அதுவும் கிடைத்தால். வேறொரு சமையலாக இருந்தால் இந்த வறட்சியைக் கீரையாலும் காரத்தாலும் ஈடுகட்டியிருக்கும். கொழுப்பையே தன் மொழியாகக் கொண்ட சமையலிடமிருந்து கொழுப்பைப் பிடுங்கினால் அது ஊமையாகிறது. பதினான்கு ஆண்டுகள் என்பது ஒரு மகள் தாயிடமிருந்து கைப்பழக்கத்தைக் கற்கும் காலம். எல்லாப் பழியையும் போரின்மேல் போடவும் மாட்டேன். கிராமத்து அடுப்பை விட்டு மக்கள் ஆலை நகரங்களுக்குப் போன 19-ஆம் நூற்றாண்டிலேயே சரிவு தொடங்கிவிட்டது. அதனால்தான் ஃபுளோரன்ஸ் வைட் என்ற எழுத்தாளர் 1928-லேயே நாட்டார் சமையலுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஊர் ஊராகக் குறிப்புகளைத் திரட்டி 1932-ல் புத்தகமாக்கினார். பங்கீடு முடிந்த 1954-ஆம் ஆண்டிலேயே டாரதி ஹார்ட்லியின் பெரிய நூலும் வந்தது. அந்தப் பெண்கள் எழுதிவைத்திராவிட்டால் இன்று திரும்பிப் பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

இவையெல்லாம் ஏழைகளின் வயிற்றை நிரப்பும் உபாயங்கள், கலை என்ற சொல் அதிகம் என்பவர்களுக்குக் கார்ன்வாலின் பாஸ்டியைக் காட்டுவேன். தகரச் சுரங்கத்துக்குக் கொண்டுபோன கட்டுச்சோறு அது. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கார்ன்வால்காரர்கள் டர்னிப் என்றே அழைக்கும் மஞ்சள் சதைக் கிழங்கு ஆகியவற்றை உப்பும் மிளகும் தூவிப் பச்சையாகவே மாவு வட்டத்தில் வைத்து, அரைவட்டமாக மடித்து, விளிம்பைக் கயிறுபோல் முறுக்கிச் சுட வேண்டும். இறைச்சியின் கொழுப்பும் காயின் நீரும் உள்ளேயே குழம்பாகும். மேலோடு அதைத் தாங்க வேண்டும், குடித்துச் சொதசொதக்கவும் கூடாது, பையிலே கிடந்து நொறுங்கவும் கூடாது. 2011-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தபோது முறுக்கு பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும், உள்ளீடு பச்சையாகவே போக வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். 1820-களில் வெள்ளிச் சுரங்கங்களில் வேலை செய்ய மெக்சிகோவின் ரியல் தெல் மோந்தேக்குப் போன கார்ன்வால்காரர்கள் இதையும் எடுத்துப்போனார்கள். இதாள்கோ மாநிலத்தில் அதற்கு இன்று பாஸ்தே என்று பெயர். உள்ளே மிளகாய் ஏறிவிட்டது. சில கடைகளில் மோலே குழம்பும் அவரைக் கூழும்கூட வைக்கிறார்கள். அடைப்பதை அவர்கள் தங்கள் நாக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். மடித்து முறுக்கிய அந்த மேலோட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.