கூவாகமும் 'வேஷம்' என்ற சொல்லும்

நியூயார்க்கில் 1984-இல் ஒரு பூங்காவில் ஆரம்பித்த 'விக்ஸ்டாக்', பொய்முடி வைத்துப் பெண் வேஷம் கட்டி ஆடிப்பாடும் திறந்தவெளி விழா. அதைப் பற்றிப் படித்தால் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று கூவாகம் ஞாபகம் வரும். எனக்கு இந்த ஒப்பீடு ஒட்டவில்லை.

வேஷம்னா கழற்றி வைக்கலாம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கை, மறுநாள் களப்பலி முடிந்ததும் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார். போவது தாலி மட்டும்தான். அவர் பெண்ணாகத்தான் ஊர் திரும்புகிறார்.

பத்திரிகைகள் மேல் எனக்கு இன்னொரு குறை. வருஷா வருஷம் விழுப்புரத்து அழகிப் போட்டிப் படம், அப்புறம் ஒப்பாரிப் படம். நேர்ந்துகொண்டு அதே கோயிலில் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் சிறுவர்களும் அதில் தென்படுவதே அபூர்வம். அவர்களையும் பார்த்தால்தான் இது ஊர்த் திருவிழா என்பது உறைக்கும். இங்கே பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் இருக்கிறார். அங்கும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்கிறார்கள்.

விக்ஸ்டாக்குக்கு இங்கே சொந்தம் தேடணும்னா தெருக்கூத்துக்குத்தான் போகணும். விடிய விடிய பாஞ்சாலியாக ஆடிய ஆண், தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீக்கடைக்கு வருவார். 'நல்லா கட்டினீங்க'ன்னு சொல்லி டீ வாங்கித் தருவார்கள். அதே கடை வாசலில் திருநங்கை வந்து நின்றால், 'வேஷம் போடுது பாரு' என்பார்கள்.