போலி ரத்தமும் பழவேற்காட்டுப் பாடும்

2009 ஏப்ரல் 12 அன்று லண்டனில் ஐரோப்பிய ரக்பியின் பெரிய கிளப் கோப்பைக்கான காலிறுதி. ஹார்லெக்வின்ஸ் அணி 5, அயர்லாந்தின் லென்ஸ்டர் 6. ஒரே ஒரு நல்ல உதை போதும், ஆட்டம் மாறிவிடும். ஆனால் அந்த உதையை அடிக்க வேண்டிய நிக் எவன்ஸ் முன்பே காயத்தோடு வெளியேறியிருந்தார். வெளியேறியவர் திரும்பி வர விதியில் ஒரு வழிதான் இருந்தது: களத்தில் இருப்பவருக்கு ரத்தக் காயம் பட வேண்டும். களத்தில் இருந்த ஹார்லெக்வின்ஸ் வீரர் டாம் வில்லியம்ஸ் காலுறையில் ஒளித்து வைத்திருந்த சிவப்புச் சாயக் குப்பியை எடுத்து வாயில் கடித்தார். வாய் சிவந்து வெளியே நடந்தவர், தன் அணியினரைப் பார்த்துக் கண்ணடித்தது தொலைக்காட்சியில் அப்படியே பதிவானது. எவன்ஸ் நொண்டியபடி உள்ளே வந்து அடித்த உதை குறி தவறியது. லென்ஸ்டர் வென்றது, அந்த ஆண்டுக் கோப்பையையும் அதுவே தூக்கியது.

இந்தக் கதையை ஒரு வீரரின் ஒழுக்கக் கேடாகப் பேசுவது சுலபம். பணம் வந்தது, பண்பு போனது என்று முடித்துவிடலாம். ஆனால் அன்று நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது. குப்பியைக் கொடுத்தவர் அணியின் இயன்முறை மருத்துவர். திட்டம் பயிற்சியாளர் டீன் ரிச்சர்ட்ஸுடையது. சந்தேகம் எழுந்ததும், உடைமாற்றும் அறையில் வீரரின் உதட்டைக் கத்தியால் கீறி உண்மையான ரத்தம் வரவழைத்தவர் அணி மருத்துவர். இதே தந்திரம் அதற்கு முன் நான்கு முறை நடந்திருந்தது விசாரணையில் வெளிவந்தது. முதலில் ஓராண்டுத் தடை வாங்கிய வில்லியம்ஸ் மேல்முறையீட்டில் எல்லாவற்றையும் சொன்ன பிறகு அவரது தடை நான்கு மாதமானது, ரிச்சர்ட்ஸுக்கு மூன்றாண்டு. இத்தனை பேரும் ஒரே நாளில் கெட்டவர்களாகிவிட்டார்கள் என்று நம்ப முடியாது. தன் அறைக்குள் நடப்பது அறைக்குள்ளேயே இருக்கும் என்ற நம்பிக்கைதான் அவர்களை நடத்தியது. விளையாட்டு நேர்மை ஆளின் குணத்தில் இருப்பதைவிட, தவறால் நட்டப்படுகிறவர் கண் முன்னே தீர்ப்பு நடக்கிறதா என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் வாதம்.

இதற்குச் சான்று தேடி இங்கிலாந்து போக வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஊர்களின் பட்டினவர் மீனவர்களிடம் பாடு என்றொரு முறை இருக்கிறது. இறால் பிடிக்கும் சுத்துவலைக்கு ஏரியில் எல்லா இடமும் ஒன்றல்ல. நீரோட்டம் சேரும் சில இடங்களில் அள்ளலாம், சில இடங்களில் வலை காலியாகத்தான் வரும். யார் முந்திப் போகிறாரோ அவருக்கே இடம் என்று விட்டால் வலுத்தவன் மட்டுமே பிழைப்பான். அதனால் நல்ல இடமும் மோசமான இடமும் முறை வைத்துச் சுற்றி வருகின்றன: இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர், ஊருக்குள்ளும் வரிசை உண்டு. இதில் ஏமாற்ற ஆசை இருக்காதா? நிச்சயம் இருக்கும். முகத்துவாரம் மணல் மூடி இறால் குறையும் காலத்தில் ஒரு நாள் பாட்டின் மதிப்பு இன்னும் கூடும். ஆனால் தன் முறை இல்லாத நாளில் வலை கட்டுகிறவனை, அந்த நாளுக்கு உரியவன் கரையிலிருந்தே பார்த்துவிடுவான். தகராறு ஊர் நடுவே பேசப்படும். நட்டப்பட்டவனும் அங்கே உட்கார்ந்திருப்பான்.

மீன்பிடி பிழைப்பு, ரக்பி விளையாட்டு, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். 1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் சம்பள விளையாட்டான நாளிலேயே அந்த வேறுபாடு போய்விட்டது. வில்லியம்ஸுக்கும் அது பிழைப்புதான். சின்ன ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள், பெரிய லீக்கில் அது நடக்காது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. ஆனால் அப்போதைய இங்கிலாந்து பிரீமியர்ஷிப்பில் இருந்தவை மொத்தமே 12 கிளப்புகள். ஒரு குப்பத்தைவிடச் சிறிய கூட்டம். லீக் நிர்வாகமும் அப்போது அந்தக் கிளப்புகளுக்கே சொந்தமாக இருந்தது. அப்படியிருந்தும் 2015-ல் சம்பள உச்சவரம்பு மீறல் புகார்கள், எந்தக் கிளப் என்றுகூடச் சொல்லாமல் மூடிய அறையில் சமரசமாக முடிந்தன. அதன் பலன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 2016-17 முதல் மூன்று பருவங்களில் சாரசன்ஸ் கிளப் உச்சவரம்பை மீறியது உறுதியாகி, 2019 நவம்பரில் 35 புள்ளிகள் கழிக்கப்பட்டன, 53 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம். அடுத்த ஜனவரியில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கவும் முடிவானது. கடுமையான தண்டனைதான், மறுக்கவில்லை. ஆனால் 2018, 2019 இறுதி ஆட்டங்களில் சாரசன்ஸிடம் தோற்றது எக்ஸிடர் அணி. அந்த இரண்டு கோப்பைகளும் சாரசன்ஸிடமே இருக்கின்றன. நெருக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? முதலாளிகள் ஒருவரை ஒருவர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வெளியே நின்றவர்கள், களத்தில் அடிபட்ட வீரர்களும் சீட்டு வாங்கிய ரசிகர்களும்.

பாட்டைப் புகழ்கிறவர்கள் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அந்த முறைக்குள் இருப்பவர் அந்தச் சாதி, அந்த ஊர்கள் மட்டுமே. ஏரியை நம்பியிருக்கும் மற்ற சமூகத்து மீனவர்களுக்கு அதில் இடமில்லை. ஏற்றுமதியால் இறால் விலை ஏறிய பிறகு ஏரிக்குள் வந்தவர்களின் கண்ணில் பாடு ஒரு வேலி. வேலியைத் தாண்டுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ரக்பியின் பழைய கனவான் பண்பாடும் இப்படிப்பட்ட வேலிதான். சனிக்கிழமை ஆட வந்தால் கூலி போகும் சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்று தடுத்தபோது, 1895-ல் வட இங்கிலாந்துக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்தே போயின. அந்தத் தடைக்குப் பெயர் அன்று விளையாட்டு நேர்மை. ஆகவே பழவேற்காட்டைப் பார்த்துப் பழைய பொற்காலம் ஒன்றை நான் வேண்டவில்லை. ஒரு விதியில் பங்கு உள்ளவன்தான் அதைக் காப்பான் என்பதை அந்த முறையின் பலமும் பலவீனமும் சேர்ந்தே காட்டுகின்றன.

2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு ரக்பி பிரீமியர் லீக் தொடங்கியது. முதல் கோப்பை சென்னை புல்ஸுக்கு. இரண்டே வாரப் போட்டி, பல நாட்டு வீரர்கள், அடுத்த பருவத்தில் யார் எந்தச் சட்டையில் இருப்பார் என்று தெரியாது. முறை சுற்றி வரும் என்ற பயமோ மரியாதையோ இங்கே தானாக வராது. ஒழுங்கு விசாரணை எதுவானாலும் புகாரும் தீர்ப்பும் காரணமும் பெயரோடு வெளியாகும் என்று லீக் இப்போதே, முதல் புகார் வருவதற்கு முன்பே, எழுதி வைக்க வேண்டும். எதிரணிக்கு அந்த விசாரணையில் பேச இடம் இருக்க வேண்டும். முதல் புகார் வந்த பிறகு எழுதினால், அதை எழுதும் அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை 2015 ஏற்கெனவே காட்டிவிட்டது.