தள்ளப்பட்ட மரமும் தூபமும்

திருவண்ணாமலையில் 1978ஆம் ஆண்டு பிறந்த சிற்பி பெனிதா பெர்சியால், 2014ஆம் ஆண்டு கொச்சி–முசிறிஸ் கலைவிழாவில், ‘விசுவாசத்தின் அக்கினிகள்’ எனப் பொருள்படும் தலைப்பில் சிற்பத் தொகுதியொன்றை அமைத்தார். கழிக்கப்பட்ட பழைய மரம், குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள் முதலியவற்றாலான கிறிஸ்தவ உருவங்கள் அவை.

உருவத்தோடு மணமும் காண்போரை அடைகிறது. 1737ஆம் ஆண்டு முதல் கடலூரில் வேரூன்றிய நம் சீர்திருத்தச் சபை மரபு, செவிவழிப் பெறும் வசனத்தையே முதன்மையாகக் கொண்டது. அண்டையிலுள்ள சிதம்பரத்தில் தூபமின்றி வழிபாடில்லை. நாமோ அதைப் பெரும்பாலும் விலக்கினோம். ஆனால் சாஸ்திரிகள் பாலகனுக்குப் படைத்தவற்றுள் குந்திரிக்கமும் வெள்ளைப்போளமும் உண்டு. நம் வழிபாட்டின் இக்குறையை இச்சிற்பங்கள் மென்மையாகச் சுட்டுகின்றன.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. கானாவில் 1944ஆம் ஆண்டு பிறந்த எல் அனட்சுயி, மதுப்புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் பிணைத்துப் பெருந்திரைகளாக்குகிறார். ஐரோப்பியர் மதுவைக் கொடுத்து ஆப்பிரிக்க மனிதரை வாங்கிய வரலாற்றை அம்மூடிகளே நினைவூட்டுகின்றன. அங்கே பொருள் சாட்சி பகர்கிறது. இங்கே மணம் ஆறுதல் அளிக்கிறது. மரத்தின் முன்வாழ்வும், அதை வெட்டிச் சுமந்த கைகளும் பெர்சியாலின் ஆக்கத்தில் போதிய அளவு வெளிப்படவில்லை என்பது நம் கருத்து.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை சிதைத்த கடலூர்ப் படகொன்றின் பலகையால் நாம் ஆலயத்திற்குச் சிலுவை செய்யலாம். படகுக்குரியவனின் இழப்பும் அதில் தெரியவேண்டும். தெரியாவிடில், தள்ளப்பட்ட கல் மூலைக்கல்லாயிற்று என நாம் பிரசங்கிப்பது அவன் செவிக்கு வெறும் அலங்காரமாகவே படும்.