வழக்குரை காதையும் விளையாட்டுத் திடலும்

சிலப்பதிகாரத்தைப் பாடம் நடத்தும் நாம் பெரும்பாலும் வழக்குரை காதையிலேயே நின்றுவிடுகிறோம். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், முத்து சிதறும் என்று அவை நோக்கியிருக்க, மாணிக்கம் தெறிக்கிறது, பாண்டியன் வீழ்கிறான். மாணவர் நெஞ்சில் பதியும் காட்சி இதுவே. ஆயின், நீதி தவறிய இடம் இதுவன்று. அது முன்னுள்ள கொலைக்களக் காதையில் இருக்கிறது. ஊடல் கொண்ட தேவியின் மனை நோக்கிச் செல்லும் அரசனைப் பொற்கொல்லன் வழியிற் காண்கிறான். அவன் அரண்மனைத் தொழிலில் பெயர் பெற்றவன். கோவலனோ ஊருக்குப் புதியவன். சொல்பவன் யார் என்று பார்த்த அரசன், சொல்லப்படுவது யாது என்று பார்க்கவில்லை. கட்டளை பிறந்துவிடுகிறது. கோவலனை நேரிற் கண்ட காவலர்க்கு, இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயம் அரசன் செவிக்கு எட்ட வழியில்லை. குற்றம் சாட்டிய பொற்கொல்லனே அருகில் நின்று, கள்வரின் திறங்களை விரித்துரைத்து, அவர்கள் வாயை அடைத்துவிடுகிறான். கல்லாத குடிவெறியன் ஒருவனின் வாள் மற்றதை முடிக்கிறது.

சிலம்பை உடைத்துப் பார்க்கச் சில நொடிகளே ஆயின என்பதை மாணவர்க்கு நாம் எடுத்துக் காட்டுவதில்லை. அச்சோதனையைக் கோவலன் உயிரோடிருக்கும்போதே செய்திருக்கலாம் அன்றோ?

விளையாட்டு வீரர்களான மாணவர்மீது ஒழுங்கீனப் புகார் எழும்போது பல்கலைக்கழகங்கள் நடந்துகொள்ளும் முறையைப் படிக்குந்தோறும் எனக்கு இக்காதையே நினைவுக்கு வருகிறது. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த இரண்டு வழக்குகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறேன். அங்கே கல்லூரி விளையாட்டு என்பது நம் நாட்டிற்போல் மாலைப்பொழுதுப் பயிற்சியன்று. பல்லாயிரவர் கூடும் அரங்கும், தொலைக்காட்சி உரிமையும், பெரும்பணமும் சூழ்ந்த தொழில் அது.

டெக்சஸ் மாநிலத்து வேக்கோ நகரிலுள்ள பேய்லர் பல்கலைக்கழகம் கிறித்துவச் சமயச் சார்புடையது. ஆர்ட் பிரைல்ஸ் என்னும் பயிற்றுநரின்கீழ் அதன் அமெரிக்கக் காற்பந்துக் குழு 2013, 2014 ஆகிய ஈராண்டுகளிலும் தன் வட்டத்தில் வாகை சூடியது. 2014இல் புதிய அரங்கும் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அக்குழுவின் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக் குற்றத்திற்காக 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேலும் புகார்கள் வெளிவரவே, பல்கலைக்கழகம் வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை ஆய்வுக்கு அமர்த்தியது. 2016 மே 26ஆம் நாள் அவ்வாய்வின் முடிவுகள் வெளியாயின. குழுவின் பணியாளர்கள் தாங்களே புகார்களை விசாரித்திருக்கின்றனர். மாணவர் ஒழுங்குக் குழுவின் முன் செல்லவேண்டியவற்றைத் திசைதிருப்பியிருக்கின்றனர். புகார் கொடுத்த பெண்களின் நம்பகத்தன்மையைக் குலைத்திருக்கின்றனர். பிரைல்ஸ் பதவி இழந்தார்; பல்கலைக்கழகத் தலைவராயிருந்த கென் ஸ்டாரும் அப்பொறுப்பினின்று நீக்கப்பட்டார். ஆட்டக்காரனின் வெற்றியால் பிழைப்பவரே அவன்மீது வந்த புகாரையும் ஆராய்ந்தார்கள் என்றால், அது விசாரணை ஆகுமா? பொற்கொல்லனையே நீதிபதியின் இருக்கையில் அமர்த்திய கதை அது.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. வட கரோலினாவின் டர்ஹம் நகரிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் குழுவினர் 2006 மார்ச்சில் நடத்திய விருந்தொன்றில் தாம் வன்கொடுமைக்கு ஆளானதாக ஆடல் புரிய அழைக்கப்பட்ட பெண் புகார் செய்தார். அவர் கறுப்பினத்தவர், ஆட்டக்காரர்களோ ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர், பலர் செல்வர் வீட்டுப் பிள்ளைகள். நாடே கொதித்தது. வழக்கு மன்றம் செல்லும் முன்னரே, ஏப்ரல் 5ஆம் நாள், பல்கலைக்கழகம் அவ்வாண்டின் எஞ்சிய ஆட்டங்களை நீக்கியது. பயிற்றுநர் பதவி விலக நேர்ந்தது. ஆசிரியர்களில் 88 பேர் பெயரால் நாளிதழில் ஓர் அறிவிப்பும் வந்தது. மூன்று மாணவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2007 ஏப்ரல் 11ஆம் நாள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராய் கூப்பர், மூவரும் குற்றமற்றவர் என்றே அறிவித்தார். மாணவர்க்குச் சார்பான மரபணுச் சோதனை முடிவை மறைத்த அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங், தொழில் உரிமையை இழந்தார். தாம் கூறியது பொய் என்று அப்பெண்ணே 2024இல் ஒப்புக்கொண்டார். பல்கலைக்கழகத் தலைவர் பிராடுஹெட் 2007 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டார். பாண்டியன் அவையிலேயே தன் பிழையை ஏற்றான். இங்கே அதற்கு ஐந்து திங்களுக்கு மேல் ஆயிற்று.

பேய்லர் புகாரைப் புதைத்தது. டியூக் புகாரின் பின்னே ஓடியது. ஒன்று வீரருக்கு இரங்கியது, மற்றொன்று பெண்ணுக்கு இரங்கியது என்று சிலர் கூறுவர். யான் அதனை ஏற்கவில்லை. இரண்டும் இரங்கியது தத்தம் நற்பெயருக்கே. ஓரிடத்தில் அப்பெயர் அரங்கத்தில் இருந்தது. மற்றோரிடத்தில் நாளிதழில் இருந்தது. ஆராயவேண்டிய செய்தி இரண்டிடத்தும் கேட்பாரற்றுக் கிடந்தது.

அமெரிக்க அரசின் விதிகளும் நிலைகொள்ளவில்லை. 2011இல் வந்த அறிவுறுத்தல், குற்றம் நடந்திருக்கக்கூடும் என்னும் பக்கம் சான்று சற்றே சாய்ந்தாலும் போதும் என்றது. 2020இன் விதிகள் நேரடி விசாரணையும் குறுக்கு வினாவும் வேண்டும் என்றன. 2024இல் அவை மாற்றப்பட, 2025 சனவரியில் நீதிமன்றம் அம்மாற்றத்தைத் தள்ளிவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் நியாயத்தின் அளவுகோலும் மாறுமாயின் மாணவன் எதனை நம்புவான்?

நம் நாட்டிற்கு வருவோம். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் மாணவர் ஒழுங்கு அதிகாரம் துணைவேந்தரைச் சார்ந்தது. கோப்பையை வாங்கும் கையும் புகாரை வாங்கும் கையும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இதற்கு வெளியே ஒரு கதவைத் திறந்தது. அதன் தீர்ப்பாயம் 2024 முதல் செயற்படுகிறது. விசாரணை தொடங்கிய 60 நாளில் முடிவு கூறவேண்டும். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால், அது பாலியல் தொல்லைக்கு மட்டுமே. மூத்த ஆட்டக்காரன் இளையவனை விடுதியில் அடித்தால், அவ்வழக்கு மீண்டும் வளாகத்துக்குள்ளேதான்.

பல்கலைக்கழகத்தை மட்டும் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பல ஆண்டுகளுக்குமுன் யான் பணியாற்றிய பள்ளியொன்றில், மாவட்ட ஓட்டப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில், ஒரு தந்தை வந்தார். எங்கள் சிறந்த ஓட்டக்காரன் தம் மகனைக் கழிவறையில் வைத்து அடித்ததாகச் சொன்னார். பையனின் காது வீங்கியிருந்தது. போட்டி முடியட்டும், விசாரிக்கலாம் என்றார் விளையாட்டு ஆசிரியர். சரி என்றேன். ஓட்டக்காரனையும் அழைத்துக் கேட்கவில்லை. அவன் அடித்தானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களுக்கு முதற்பரிசு கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை அத்தந்தை பள்ளி மாற்றக் கடிதம் கேட்டு வந்தார், கையொப்பமிட்டுக் கொடுத்தேன். பல்கலைக்கழக நுழைவில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது என்பதை ஆசிரியர் அறிவர். ஓட்டக்காரனின் வெற்றிச் சான்றிதழ் அவனுடைய கோப்பில் சேர்ந்தது. புகார் எந்தக் கோப்பிலும் ஏறவில்லை.