யார் கண்ணுக்குத் தைத்த உடை?

பேட்டி ஜென்கின்ஸ் இயக்கிய 'வொண்டர் உமன்' (2017) படத்தில், லண்டன் வந்து சேர்ந்த டயானாவைத் துணிக்கடைக்கு அழைத்துப் போகிறார்கள். முதல் உலகப்போர்க் காலம். இடுப்பை நெரிக்கும் உள்ளுடுப்பு, கழுத்தை மூடும் சட்டை, தரையைக் கூட்டும் பாவாடை என்று வரிசையாகப் போட்டுப் பார்க்கிறாள். காலைத் தூக்கி உதைத்தும் பார்க்கிறாள். இதையெல்லாம் மாட்டிக்கொண்டு பெண்கள் எப்படிச் சண்டை போடுவார்கள் என்று உண்மையிலேயே புரியாமல் கேட்கிறாள். அரங்கம் சிரிக்கும். எனக்குப் பிடித்தது அவளுடைய கண் போகும் இடம். உடை தனக்கு அழகாக இருக்கிறதா என்ற கவலையே அவளுக்கு இல்லை; முழங்கால் மடங்குகிறதா என்பதுதான் கேள்வி.

சினிமாவில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி 1975-இல் எழுதினார். கேமரா பெண்ணுடலைத் துண்டுதுண்டாக நறுக்கி ரசிகனுக்குப் பரிமாறுகிறது என்பது அவர் வாதம். சூப்பர்ஹீரோ படங்கள் அதற்கு இன்றுவரை சாட்சி சொல்லி வருகின்றன. 'அயர்ன் மேன் 2' (2010) படத்தில் நடாஷாவைப் பற்றி டோனி ஸ்டார்க் இணையத்தில் தேடியதும் கிடைப்பது உள்ளாடை விளம்பரப் படங்கள். பிறகு அவள் காரின் பின்சீட்டில் உடை மாற்றுகிறாள். ஓட்டுபவர் கண்ணாடியில் எட்டிப் பார்க்கிறார். உளவாளி என்ன உடுத்தினாள் என்பதைவிட எப்போது கழற்றினாள் என்பதே அந்தப் படத்துக்கு முக்கியம்.

ஜென்கின்ஸ் படத்தின் போர்முனைக் காட்சிக்கு வருவோம். பதுங்குகுழியில் ஓர் ஏணி. மேலங்கியை உதறிவிட்டு டயானா ஏறுகிறாள். இங்கேயும் கேமரா அவளைத் துண்டுதுண்டாகத்தான் காட்டுகிறது: ஏணிப்படியில் காலணி, இடுப்பில் கயிறு, முன்கையில் காப்பு, கையில் கேடயம். மல்வி குறை சொன்ன அதே உத்தி. ஆனால் கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் அடுத்த நிமிடமே வேலை இருக்கிறது. காப்பு தோட்டாவைத் தட்டிவிடுகிறது. கேடயம் இயந்திரத் துப்பாக்கியின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பழைய உத்தியைக் கையிலெடுத்து அதன் நோக்கத்தைத் திருப்பிப் போடுவது கெட்டிக்காரத்தனம். அந்த உடையை முதலில் வடிவமைத்தவர் மைக்கேல் வில்கின்சன் என்ற ஆண், ஸாக் ஸ்னைடரின் 2016 படத்துக்காக. ஜென்கின்ஸ் படத்தின் உடை வடிவமைப்பாளர் லிண்டி ஹெமிங் அதைப் பெரிதாக மாற்றவில்லை. அதே மார்புக்கவசம், அதே குட்டைப் பாவாடை.

2017 நவம்பரில் 'ஜஸ்டிஸ் லீக்' வந்தது. அதே நடிகை, ஏறக்குறைய அதே உடை. ஆனால் கேமரா இப்போது டயானாவின் முதுகுக்குக் கீழே தாழ்ந்து போய் நிற்கிறது. முந்தைய படத்தில் ஹெமிங் உடுத்திவிட்ட, டயானாவின் இனத்தவரான அமேசான் வீராங்கனைகள் கட்டுறுதியான தோல்கவசத்தில் வந்திருந்தார்கள். இதில் அவர்களில் சிலருக்கு வயிறு திறந்து கிடந்தது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ரசிகர்களே சண்டை போட்டார்கள். ஈட்டி குறிபார்க்கும் முதல் இடம் வயிறு. வயிற்றை மறக்கும் கவசம் போருக்கு உதவாது, போஸ்டருக்கு உதவும்.

அப்படியானால் பெண் பார்வை என்பது இழுத்து மூடுவதா? ஜென்கின்ஸே இதை ஒத்துக்கொள்ள மாட்டார். தன் வீராங்கனைகளுக்கு அவர் உயரமான அடிக்கட்டை வைத்த காலணி போட்டார். கேள்வி வந்தபோது பின்வாங்கவில்லை: நீண்ட கால்களோடு அழகாகவும் இருக்க வேண்டும், சண்டையும் போட வேண்டும், ஒரு பெண்ணாகத் தன் ஆசையே அதுதான் என்றார். இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் 'வொண்டர் உமன்' படத்தைப் பின்னோக்கிய அடி என்று சாடியபோதும் அவர் அசரவில்லை. வலிமை என்றால் அழுக்குச் சட்டையும் கடுகடுத்த முகமும்தான் என்ற கேமரூனின் கணக்கும் ஓர் ஆணின் கணக்குதானே!

குதிகாலை வைத்து என்ன செய்யலாம் என்பதை ஹெமிங் முன்பே காட்டியிருந்தார். நோலனின் 'தி டார்க் நைட் ரைஸஸ்' (2012) படத்தில் கேட்வுமனாக வரும் ஆன் ஹாத்வேயின் குதிகால் ரம்பப் பல் வைத்த கத்தி. அவள் இருட்டில் பார்க்கப் போட்டிருக்கும் கண்ணாடியை நெற்றிக்கு மேல் தள்ளினால் அதுவே பூனைக்காதாகிவிடும். உபயோகத்திலிருந்து உருவம் பிறந்திருக்கிறது. இறுக்கமான கறுப்பு உடைதான். ஆனாலும் அவள் திருடி என்பதை உடுப்பின் ஒவ்வொரு அங்கமும் சொல்லும்.

ஹார்லி குவின் கதை இன்னும் துலக்கமானது. 'சூசைட் ஸ்குவாட்' (2016) படத்தில் அவளது மேல்கோட்டின் முதுகில் ஜோக்கரின் சொத்து என்று அச்சடித்திருக்கும். அவள் உடை மாற்ற, சுற்றிலும் இருக்கும் ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு வாய் பிளக்கிறார்கள். நம்மையும் அவர்களோடு நிற்கவைக்கிறார் இயக்குநர். கேத்தி யான் இயக்கிய 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' (2020) படத்தில் எரின் பெனாக் அவளுக்கு எச்சரிக்கை நாடாக் கீற்றுகள் தொங்கும் கோட்டு கொடுத்தார். சட்டையெங்கும் அவளுடைய சொந்தப் பெயர். இங்கேயும் குட்டை ஷார்ட்ஸ்தான், தொடை தெரியத்தான் செய்கிறது. ஆனால் காதல் முறிந்த ஒருத்தி, காலையில் அலமாரியைக் கலைத்துப்போட்டுக் கையில் அகப்பட்டதையெல்லாம் மாட்டிக்கொண்ட உற்சாகம் அதில் இருக்கிறது. கடைசிச் சண்டையின் நடுவே, கூடச் சண்டையிடும் பிளாக் கேனரியின் முகத்தில் முடி விழ, ஹார்லி ஒரு ரப்பர் பேண்டை நீட்டுகிறாள். விரித்த கூந்தலோடு பறந்து பறந்து அடிக்கும் நாயகிகளைப் பார்த்துப் பழகிய பெண்களுக்கு அந்த ஒரு நொடி போதும். கேட் ஷார்ட்லண்டின் 'பிளாக் விடோ' (2021) படத்தில் யெலெனா தன் மேல்சட்டைக்கு நிறையப் பாக்கெட் இருப்பதைப் பெருமையடித்துக்கொள்வதும் இந்த வகைதான். சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கச் சொல்லித் தையல்காரரிடம் மன்றாடியவர்களுக்கு அது காமெடி வசனமாகக் கேட்காது.

இவ்வளவு சொன்னாலும், பெண் எடுத்தால் பெண் பார்வை, ஆண் எடுத்தால் ஆண் பார்வை என்று பிரித்துவிட முடியாது. 'பிளாக் பாந்தர்' (2018) இயக்குநர் ரயான் கூக்லர் ஆண். ரூத் கார்ட்டர் அதில் டோரா மிலாஜே பெண்படைக்குச் சிவப்பும் தோலும் கழுத்து வளையங்களுமாகச் செய்த சீருடை கம்பீரத்தின் உச்சம். அந்தப் படத்துக்காக 2019-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது.

இன்னொன்று டிம் பர்ட்டனின் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' (1992). பாப் ரிங்வுட், மேரி வோட் இருவரின் வடிவமைப்பு. மாடியிலிருந்து முதலாளியால் தள்ளிவிடப்பட்டுப் பிழைத்த செலீனா, கேட்வுமனாக மாறப்போகிறவள், வீட்டுக்கு வருகிறாள். இளஞ்சிவப்புச் சுவரில் கறுப்புப் பெயின்ட் அடிக்கிறாள். அலமாரியிலிருந்து பளபளப்பான ரெயின்கோட்டை இழுத்துக் கிழித்துத் தையல் மெஷினில் உட்காருகிறாள். கோணல்மாணலாக ஓடும் வெள்ளைத் தையல் அவள் கோபத்தின் வரைபடம். படம் போகப்போக அவள் மனதோடு சேர்ந்து தையலும் பிரிகிறது. உடம்போடு ஒட்டும் லேடெக்ஸ், கவர்ச்சிக்குக் குறைவே இல்லை. ஆனால் அது செலீனாவாக நடித்த மிஷெல் ஃபைஃபரின் ஆயுதம். யாருக்கு எப்போது காட்டுவது என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். 2004-இல் வந்த 'கேட்வுமன்' படமும் கிழிந்த தோலாடையைத்தான் ஹாலி பெரிக்குக் கொடுத்தது. அந்தக் கிழிசலுக்குக் கதையில் காரணம் தேடினால் கிடைக்காது. மோசமான நடிப்புக்கான ராஸி விருதை அவர் நேரில் போய்ச் சிரித்துக்கொண்டே வாங்கினார். நியாயமாக அதில் பாதி அந்த உடைக்குப் போயிருக்க வேண்டும்.

திரையில் இதுவரை வந்த நாயகி உடைகளில் எது முதலிடம் என்று கேட்டால், யோசிக்காமல் செலீனா தைத்ததைச் சொல்வேன். டயானாவின் கவசம் அதற்கு அடுத்ததுதான்.