சமையல் நூல்களும் பாட வேறுபாடும்

ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் உ. வே. சாமிநாதையர். பாட வேறுபாடுகளைப் போற்றும் அந்நெறியை நாம் காப்பியங்களோடு நிறுத்திக்கொண்டோம். சமையல் நூலுக்குப் புதிய பதிப்பு வந்ததும் பழையதை எடைக்குப் போடுகிறோம். ஆயின், ஒரு குடும்பத்தின் வாழ்க்கை மாறிய வரலாற்றைக் காப்பியத்தைவிடச் சமையல் நூலே நெருங்கி நின்று காட்டும்.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இதற்குத் தக்க சான்று. இளமையிலேயே கணவரை இழந்த அவர், தம் கைப்பக்குவத்தை எழுத்தில் வடித்து 1951-இல் வெளியிட்டார். தாயையும் மாமியாரையும் பிரிந்து வெளியூரில் குடித்தனம் தொடங்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று சொல்வதுபோல் அமைந்தது அந்நூல். ‘பார்’ என்னும் ஏவலில் அதட்டல் இல்லை. அச்சம் நீக்கும் பரிவே உள்ளது. அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தார் அதனைப் பேணினர். 1968-இல் ‘குக் அண்ட் சீ’ என ஆங்கிலத்திலும் வந்தது.

காலம் முதலில் கைவைத்தது அளவைகளின்மீது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை நிலைபெற்றது. பலமும் ஆழாக்கும் கடைத்தெருவிலிருந்து மறைந்தன. புத்தகத்தில் மட்டும் அவை நிலைத்திருத்தல் இயலுமோ? மாற்றியது முறையே. எனினும் படியில் எட்டிலொரு பங்கான ஆழாக்கைக் ‘கப்’ என்று எழுதிவிட்டால், எந்தக் கப் என்னும் ஐயம் எழுகிறது. படியே ஊருக்கு ஊர் வேறுபட்ட நாடு இது. பழைய அளவையும் அருகில் நின்றால் ஐயம் தீரும், சொல்லும் பிழைக்கும்.

திருத்துவோர் கை நீளுதலும் உண்டு. அமெரிக்காவில் இர்மா ராம்பவர் 1931-இல் வெளியிட்ட ‘ஜாய் ஆஃப் குக்கிங்’ நூலும் குடும்பச் சொத்தாக வளர்ந்ததே. 1997-ஆம் ஆண்டுப் பதிப்பு, காய்கனிகளைப் பதப்படுத்தும் பகுதியையும் பனிக்குழைவு வகைகளையும் காலத்துக்கு ஒவ்வாதன என நீக்கியது. 2006-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை மீண்டும் இடம்பெற்றன. வேண்டாததென இன்று தள்ளுவது நாளை வேண்டப்படலாம் என்பதே இதன் பாடம்.

அளவினும் பெரிய மாற்றம் பெயரில் நிகழ்ந்தது. 2001-இல் பெங்குவின் நிறுவனம் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பின் துணைத்தலைப்பு, இதனைத் ‘தமிழ்ச் சமையலின் செவ்வியல் வழிகாட்டி’ என்கிறது. அம்மையார் எழுதியதோ தம் குலத்தார் சமையல். புலாலுக்கு அதில் இடமில்லை. அது குறையுமன்று, தாம் அறிந்ததைச் செம்மையாக எழுதினார். ஆனால் ஒரு வீட்டு அடுப்படிக்கு நாடு முழுவதன் பெயரைச் சூட்டும்போது நெய்தல் நிலத்து மீன்குழம்பும், கரிசல் மண்ணின் கம்பங்கூழும், கொங்கு நாட்டுக் கோழிக்குழம்பும் வாசலில் நின்றுவிடுகின்றன.

வைட்ஃபீல்டில் வாழும் நம் போன்றோர்க்கு இது வெறும் தலைப்புச் சிக்கலன்று. இங்குத் தமிழ் எழுத்தறியாது வளரும் பிள்ளைகள் பலர். அவர்கள் கைக்கு எட்டுவது ஆங்கிலப் பதிப்பே. தமிழர் உண்டது இவ்வளவே என அவர்கள் எண்ணினால் அப்பிழை யாருடையது? பாட்டியின் கருவாட்டுக் குழம்பைத் தமிழுணவன்று எனக் கருதும் பேரன், பாட்டியையே பாதி இழந்தவனாகிறான்.

ஆதலின் சமையல் நூலையும் நூலென்றே மதித்துப் பதிப்பித்தல் வேண்டும். சேர்த்தது எது, நீக்கியது எது, பழைய அளவு யாது என்பவற்றை ஒரு பக்கத்தில் குறித்தால் போதும். எவர் வீட்டுச் சமையல் என்பதை முகப்பிலேயே கூறுக. தமிழ்ச் சங்க நூலகங்கள் சங்க நூல்களுக்கு அருகில், எண்ணெய்க் கறை படிந்த பழம்பதிப்புகளுக்கும் ஓர் அடுக்கை ஒதுக்குக. எழுதப்படாத அடுப்படிகளின் பக்குவங்களை, அவற்றை அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே எழுதி வாங்குதல் அதனினும் முந்திய கடன்.